அப்லோடுக்குப் பூட்டுப் போட்டவன் பேசுகிறேன்

மொரீஷியஸில் நம் கோயிலின் தைப்பூசக் காவடி அன்று நேரலை ஏன் நின்றது என்று ஆளாளுக்கு விளக்கம் எழுதிவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். "வைஃபை வைத்த இந்தியாக்காரரைக் கேளுங்கள்" என்ற கமெண்டையும், அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு பொம்மைகளையும் பார்த்தேன். இதுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன்.

லைனில் குறை இல்லை. ஃபைபர் நன்றாகத்தான் ஓடியது. "பெரிய பேக்கேஜ் போட்டால் தீர்ந்துவிடும்" என்று கமிட்டியில் முடிவெடுத்திருக்கிறார்களாம். போடுங்கள், மாதாமாதம் கட்டுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கும் நேரலை நிற்கும். நெரிசல் இருந்தது ஃபைபரில் இல்லை, மண்டபத்துக் காற்றில்.

வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசையில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அப்லோடும் டவுன்லோடும் ஒரே காற்றைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. நம் கமிட்டிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள், செயலாளர் ஒருவர் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும், ஆனால் பேச அவருக்குக் கிடைப்பதும் மற்றவர்களைப் போல ஒரே ஒரு முறைதான். மண்டபத்தில் வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டியான ஏபியின் நிலைமை அதுதான். ஐம்பது போன் முட்டிமோதி அனுப்பிக்கொண்டிருந்தால், அத்தனை பேருக்குமான டவுன்லோடைக் கையில் வைத்துக்கொண்டு ஏபி ஐம்பத்தோராவது ஆளாக வரிசையில் நிற்கும்.

கன்னத்தில் வேல் குத்திய நேரத்தில் மண்டபத்தில் என்ன நடந்தது? இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கைகள் மேலே, ஒவ்வொரு கையிலும் போன். எடுத்த வீடியோ அந்த நொடியே வாட்ஸ்அப்புக்குப் போகிறது. போதாததற்கு, வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் போன் தானாகவே பழைய போட்டோக்களையும் பேக்கப் எடுக்க ஆரம்பிக்கிறது. அது உங்களுக்கே தெரியாது. தகவல் துண்டு துண்டாகத்தான் போகும், ஒரு துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஏபியில் இடம் நிரம்பி டவுன்லோடு பாக்கெட் ஒன்று விழுந்து தொலைந்தால், அனுப்பும் சர்வர் பயந்து வேகத்தைக் குறைத்துவிடும். அப்லோடுக்குத் திரும்பி வரும் "வந்து சேர்ந்தது" என்ற பதில் ஒன்று விழுந்தால் பெரிய நஷ்டமில்லை, அடுத்த பதில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஆகவே சும்மா விட்டால் அப்லோடுதான் ஜெயிக்கும். உள்ளே இருப்பவருக்கு இணையப் பக்கம் திறக்காது. இந்தத் தள்ளுமுள்ளில், நேரலையை அதே வைஃபையில் அனுப்பும் லேப்டாப்புக்கும் உரிய இடம் கிடைக்காது.

இதற்காகத்தான் ஒரு போனுக்கு இவ்வளவுதான் அப்லோடு என்று அளவு வைத்திருந்தேன். 802.11இ என்ற வைஃபை தரம் 2005லேயே வந்துவிட்டது. ஏபிக்குக் கொஞ்சம் முன்னுரிமை கொடுக்க அதில் வழி இருக்கிறது, அதையும் செய்திருந்தேன். காலையில் பால்குடம் வந்தபோது எல்லாம் ஓடியது. அப்புறம்தான் ஒரு பெரியவருக்குத் தன் பேரன் வீடியோ மெதுவாகப் போகிறதென்று கோபம் வந்தது. பாஸ்வேர்டு தெரிந்த ஒரு தம்பி அளவை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அளவு போட்டவன் குற்றவாளி, எடுத்தவர் உபகாரி. நல்ல நியாயம்.

கொஞ்சம் விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டார்: "அப்லோடு காற்றில் ஏறி ஏபிக்கு வந்து சேர்ந்த பிறகு அதைத் தடுத்து என்ன லாபம்?" நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன். அளவைத் தாண்டும் பாக்கெட்டை ஏபி கீழே போட்டுவிடும், அது விழுந்ததை உணர்ந்ததும் அனுப்பும் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் காற்று காலியாகும். எபேன் சைபர்சிட்டியில் என் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை எல்லா லேப்டாப்பும் ஒரே நேரத்தில் கோப்புகளை மேலே ஏற்றும், போன் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அப்லோடுக்கு அளவு வைத்ததும் பேச்சு தெளிவானது. அங்கே என்னை யாரும் கேலி செய்யவில்லை, சம்பளமும் தருகிறார்கள்.

"வைஃபை 6 ஏபி வாங்கினால்?" வாங்கலாம். யார் எப்போது அனுப்புவது என்று அது முறை வைத்துக் கொடுக்கும், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்பது வைஃபை 6 உள்ள போன்கள்தான். பழைய போன்கள் பழையபடியே முட்டும். "எங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறதே?" உங்கள் வீட்டில் நான்கு பேர், ஐயா.

கடல் கேபிளைக் குறை சொன்னவருக்குத்தான் கோயில் கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் புறப்பட்டு, பக்கத்துத் தீவான ரீயூனியன், நம் மொரீஷியஸ் வழியாகக் கொச்சி, பினாங்கு வரை போகும் சேஃப் கேபிள் 2002லிருந்து கடலுக்கடியில் கிடக்கிறது. அது பாவம் என்ன செய்யும்? நம் வீடியோ மண்டபத்துத் தூணையே தாண்டவில்லை.

"பக்தர்கள் வீடியோ போடக்கூடாது என்கிறாயா?" இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரியும். நான் சொன்னது போடாதே என்றா, மெதுவாகப் போகட்டும் என்றா? உங்கள் வீடியோ பத்து நிமிடம் கழித்துப் போனாலும் வீடியோதான். நேரலை பத்து நிமிடம் நின்றால் அது நேரலை இல்லை. ரீயூனியனில் மூட்டு வலியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டிமார் எத்தனை பேர்? பாளையங்கோட்டையிலிருந்து என் அம்மா போன் செய்தாள். "என்னல, ரொம்ப நேரமா வட்டம்தான் சுத்துது, சாமியக் காணோமே!" காவடி படியேறும்போது நான் சாமியைப் பார்க்கவில்லை, ஏணி மேல் நின்று ஏபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

கோயிலில் போட்ட ஏழு கறிச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தே ஒருவர், "இலவசமாகச் செய்தால் இப்படித்தான்" என்றார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். இலவசம்தான், யார் இல்லை என்றது? சம்பளம் கேட்டேனா, மாலை கேட்டேனா? நாளைக்கு மடப்பள்ளியில் உப்புக் கூடினாலும் வெளியூர்க்காரன் வைஃபைதான் காரணம் என்பீர்களோ!

வருஷப்பிறப்புக்கும் நேரலை வேண்டும் என்று நேற்று செய்தி வந்திருக்கிறது. செய்கிறேன். நேரலை லேப்டாப்புக்குத் தனிக் கேபிள் இழுக்க வேண்டும், அது வைஃபை பக்கமே போகக்கூடாது. போன்களுக்கு அப்லோடு அளவு இருக்கும். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருக்கும், தலைவர் கேட்டாலும் தரமாட்டேன். இதற்குச் சம்மதமில்லை என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஏணி மண்டபத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறச் சொல்லுங்கள்.