யார் தலையில் விழுந்த சமரசம்?

அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுத 1787-ல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டின் பேரங்களை அரசியல் முதிர்ச்சி என்று ஒரு கட்டுரையாளர் தன் கட்டுரையில் பாராட்டுகிறார். சிறிய மாநிலங்களுக்கு செனட் என்ற மேலவையில் சம இடம் கொடுத்ததை அப்படிச் சொல்லலாம், சரி. ஆனால் அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணித் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் பிரதிநிதிகளைத் தந்ததை எதில் சேர்ப்பது? ஓட்டு இல்லாதவனின் தலையை எண்ணி, அவன் எஜமானனுக்குச் செல்வாக்கு! அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடை செய்யக் கூடாது என்றும் எழுதினார்கள். அதுவரை அந்தப் பிரிவைத் திருத்தவே முடியாதபடி ஐந்தாம் ஷரத்தில் பூட்டும் போட்டார்கள். கட்டுரை இதைத் தொடவே இல்லை. அடிமை வணிகத்தைக் கடுமையாகச் சாடிய வர்ஜீனியா மாநிலப் பிரதிநிதி ஜார்ஜ் மேசன் கடைசியில் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார். (அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். குடிமக்களின் உரிமைகளை உறுதிசெய்யும் உரிமைச் சாசனம் அதில் இல்லை என்பதே அவருடைய முக்கியமான மனக்குறை.)