இடித்தவர் பெயரில் ஓர் உதவித்தொகை

"இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள்." பாஸ்டனில் ஆற்றோரச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் கண்ணில் படும்படி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வைத்த விளம்பரப் பலகை இது. பல வருடங்கள் நின்றது. குறும்பான விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே மண்ணில் பிறந்து வளர்ந்து 1958-க்குப் பிறகு வெளியேற்றப்பட்டவர்களும் அந்தச் சாலையில்தான் போய்வந்தார்கள்.

குடியிருப்பைக் கட்டிய நிறுவனத்தின் முகம் ஜெரோம் ராப்பபோர்ட். 2021 டிசம்பரில், 94 வயதில் காலமானார். எங்கள் அக்கா மகள் பாஸ்டனில் நகரத் திட்டமிடல் படிக்கிறாள். ராப்பபோர்ட் பெயரில் உள்ள கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போவதாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். "மாமா, இவர் உங்க சப்ஜெக்ட்" என்று ஒரு சிரிப்பு பொம்மை வேறு. மும்பை தாராவியில் பிறந்தவனுக்கு, பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புதானே சப்ஜெக்ட்! உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

மனுஷன் சாதாரண ஆள் இல்லை. நியூயார்க்கில் பிறந்தவர், 16 வயதில் ஹார்வர்டில் நுழைந்தவர், 21-இல் சட்டப் பட்டம். 1949-இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி என்ற பழம்பெருச்சாளியை ஜான் ஹைன்ஸ் தோற்கடித்தபோது, ஹைன்ஸுக்காக இளைஞர்களைத் திரட்டியவர் இவர். கர்லி சிறையில் இருந்துகொண்டே மேயராகவும் இருந்தவர் என்றால் அந்த அரசியல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அதைச் சுத்தம் செய்ய வந்த படித்த பையன், ஹைன்ஸின் அலுவலகத்திலேயே வேலையும் பார்த்தார். அப்புறம் வெளியே வந்தார். ஹைன்ஸ் மேயராக இருக்கும்போதே, அந்தப் பலகை பின்னால் நின்ற வெஸ்ட் எண்ட் பகுதியைப் புதிதாகக் கட்டும் வாய்ப்பு இவருடைய குழுவுக்குப் போனது. அது எப்படிச் சரியாகும் என்ற கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

வெஸ்ட் எண்ட் ஏறக்குறைய 48 ஏக்கர். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர், ஐரிஷ்காரர் எல்லோரும் கலந்து வாழ்ந்த, வாடகை குறைந்த பகுதி. நடிகர் லெனார்ட் நிமோய் அங்கே வளர்ந்தவர்தான். 1949-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டப்படி, ஓர் இடத்தைச் சேரி என்று முத்திரை குத்திவிட்டால் நகர நிர்வாகம் அதைக் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம், இடிக்கலாம், தனியாருக்கு அடக்கத்தைவிடக் குறைந்த விலையில் கொடுக்கலாம். அந்த நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். ஆக, அங்கிருந்த ஜனங்களின் வரிப்பணமும் சேர்ந்துதான் அவர்கள் வீட்டை இடித்தது. 2,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் போயின. புதிதாக வந்த கட்டடங்களின் வாடகை அவர்களுக்கு எட்டும்படி இல்லை.

இதில் என்னை உலுக்கியது, இடிப்பதற்கு முந்தைய ஐந்து வருடங்கள். 1953-இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது 1958-இல். நடுவில் என்ன நடந்தது? ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1957-58-இல் சில மாதங்கள் அங்கேயே குடியிருந்து பார்த்து எழுதினார்: எப்படியும் இடிபடப் போகிறது என்று வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை நிறுத்துகிறார்கள், கிளம்ப முடிந்தவர்கள் கிளம்புகிறார்கள், வீடுகள் காலியாகின்றன. குப்பை அள்ளுவதிலும் தெரு கூட்டுவதிலும் நகராட்சி கைவிட்டுவிட்டது என்பது அங்கிருந்தவர்களின் நெடுநாள் புகார். சேரி என்று பெயர் வைத்துவிட்டு, அது சேரியாகும்வரை காத்திருந்திருக்கிறார்கள்.

தாராவிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி 1985-இல் தாராவிக்கும் சேர்த்து பம்பாய்க்கு 100 கோடி அறிவித்தார். 2004-இல் மாநில அரசு மறுசீரமைப்புத் திட்டம் என்றது. 2019-இல் ஒரு நிறுவனம் டெண்டரில் முதலிடம் பிடித்தது, அடுத்த வருடமே அது ரத்து. இந்த இடைவெளி முழுக்க, "இப்ப எதுக்கு அண்ணே செலவு, பில்டிங்தான் வருதே" என்று ஒழுகும் தகரத்தின் மேல் தார்ப்பாய் போட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. சாக்கடைக்கும் அதே பதில், பொதுக் கழிப்பறைக்கும் அதே பதில். பிறகு வெளியூர்க்காரர் கேமராவோடு வந்து, பாருங்கள் எவ்வளவு மோசம் என்பார். இந்தக் காத்திருப்புக்கு யாரும் நஷ்டஈடு கணக்குப் போடுவதே இல்லை.

பாஸ்டனில் கொஞ்சமாவது அளந்து பார்த்தார்கள். வெளியேறியவர்களை மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் தேடிப்போய்ப் பேசினார். பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நீண்டகாலத் துக்கம். சிலருக்கு இரண்டு வருடம் கழித்தும் ஆறவில்லை. சாவு வீட்டுத் துக்கத்தோடு அதை ஒப்பிட்டார். வாடகை ரசீதை வைத்து இதற்கு விலை போட முடியாது.

சரி, ராப்பபோர்ட்டுக்கு வருவோம். 1997-இல் மனைவியோடு சேர்ந்து அறக்கட்டளை. 2000-இல் ஹார்வர்டில் பாஸ்டன் நகர ஆட்சியை ஆராயும் ஒரு கழகம். சட்டக் கல்லூரியில் ஒரு மையம், மூளை, மனநோய் ஆராய்ச்சிக்கு நிதி, ஓவியர்களுக்குப் பரிசு. இளைஞர்கள் அரசு அலுவலகங்களில் பயிற்சி பெறச் சம்பளம். எல்லாமே உருப்படியான வேலை. இதெல்லாம் பாவம் கழுவும் வேஷம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதில் நல்லாட்சி என்று கத்திய பையன் எழுபதில் அதற்கே பணம் கொடுக்கிறார். அவர் வரைக்கும் அது ஒரே வாழ்க்கை.

என் சண்டை வேறு. தானத்தை யாருக்குத் தருவது, எவ்வளவு, எந்தப் பெயரில் என்பதையெல்லாம் தருகிறவர் முடிவு செய்கிறார். இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டியது இழந்தவனின் கணக்கு. முதலாவது எவ்வளவு பெரிதானாலும் இரண்டாவதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கழியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவர் வெஸ்ட் எண்ட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2015-இல். வெளியேற்றப்பட்ட தலைமுறையில் பெரும்பகுதி அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொரு கூத்து: அந்தக் குடியிருப்பு கைமாறி, இப்போது அதற்குப் பெயர் வெஸ்ட் எண்ட் அபார்ட்மென்ட்ஸ். ஆட்கள் போனார்கள், பெயர் மட்டும் திரும்பி வந்து வாடகை வாங்குகிறது.

இதை தாராவி 90 அடிச் சாலையில் மாவுக் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். "பணக்காரன் ஆஸ்பத்திரிக்கு, படிப்புக்குக் கொடுத்தா நல்லதுதான தம்பி, அதையும் ஏன் குறை சொல்லுதிய?" என்றார். நியாயமான கேள்வி. "பில்டிங் வந்தா உங்க கிரைண்டரை எங்க வைப்பீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். கீழே மாவு அரைக்கிறார், மேலே குடும்பம், அதற்கும் மேலே வாடகைக்கு நான்கு பையன்கள். விடியற்காலை சைக்கிளில் இட்லி கொண்டுபோகிறவர்கள் அந்தப் பையன்கள்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதச் சொல்லு" என்றார்.

இங்கேயும் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். 2022 ஜூனில் கௌதம் அதானியின் 60-ஆவது பிறந்தநாளையொட்டி அவர் குடும்பம் சமூகப் பணிகளுக்கு 60,000 கோடி ரூபாய் அறிவித்தது. அதே வருடம் நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் தாராவி டெண்டரில் அந்தக் குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் அவர்களுக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. முதலாவதைப் பாராட்டுகிறவர்கள் பாராட்டுங்கள். ஆனால் இட்லிக்காரப் பையனின் கணக்கு இரண்டாவதில் இருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குப் பேப்பர் வைத்திருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. 2011 வரை வந்தவர்களுக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மேல்மாடிக்காரர்களுக்கு வெளியே வாடகை வீடு. வெளியே என்றால் விடியற்காலை இட்லி தாதரையும் மாட்டுங்காவையும் எப்படிப் போய்ச் சேரும்?

அக்கா மகளிடம் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டேன். கிடைத்தால் வீட்டுவசதித் துறையில் பயிற்சி கேள், எந்தப் பேப்பரை வைத்து யாரைத் தகுதியில்லாதவர் ஆக்குகிறார்கள் என்று கற்றுக்கொண்டு வா என்றேன். "கிடைக்கட்டும் முதல்ல மாமா" என்கிறாள்.

நம் ஆட்களுக்கு ஒன்று. யாருக்கு வீடு பெறத் தகுதி என்று சொல்லும் பட்டியலான அனெக்சர்-2 வரைவில் பெயர் விட்டுப்போயிருந்தால் வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்களும் மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை, குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த போட்டோ பாஸ், எது இருந்தாலும் நகலெடுத்து வையுங்கள். மராத்தியில் மனு எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் பக்கம் வாருங்கள், நாங்கள் நாலைந்து பேர் எழுதித் தருகிறோம்.