கலிபோர்னியா இன்சூரன்ஸ் ஆணையரை ஆளுநர் நியமிப்பதில்லை

"கலிபோர்னியாவில் இன்சூரன்ஸ் ஆணையரை ஆளுநர்தான் நியமிக்கிறார், நினைத்தால் மாற்றிவிடலாம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. முன்பு அப்படித்தான் இருந்தது, ஆனால் 1988 நவம்பரில் மக்களே வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு அதைத் தேர்தல் பதவியாக்கிவிட்டது. 1990இல் ஜான் கராமெண்டி முதலில் ஜெயித்தார். ரிக்கார்டோ லாரா 2018, 2022 இரண்டு முறையும் மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி வந்தவர், மூன்றாவது முறை நிற்க முடியாது.

இது சின்ன விஷயமே இல்லை. கார், வீட்டு பிரீமியத்தை ஏற்ற நிறுவனங்கள் முதலில் இந்த ஆணையரிடம்தான் அனுமதி வாங்கவேண்டும், 7 சதவீதத்துக்கு மேல் கேட்டால், நுகர்வோர் உரிய காலத்தில் கோரும்போது விசாரணை நடத்தியே ஆகவேண்டும். அந்த வாக்குச்சீட்டை வெறுமனே விட்டுவிடாதீர்கள். அப்புறம், எல்லா மாநிலத்திலும் இப்படியில்லை: நியூயார்க்கில் ஆளுநர்தான் நியமிக்கிறார்.