அலங்கையும் சேர்த்து எழுதுங்கள்

நேற்று முழுக்க அந்தப் பதிவைத்தான் ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருந்தீர்கள். ‘பிரான்ஸ்’ என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பலின் படங்கள், விருந்து மேசைகள், மோனாலிசாவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கதை. எல்லாம் சரி. அந்தக் கடைசி வரியில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தியாவில் ஏதோ ஒரு அசிங்கமான கடற்கரையில் சீரழிந்துபோனது."

ஏதோ ஒரு கடற்கரை இல்லை. குஜராத்தில் பழைய கப்பல்களைப் பிரிக்கும் அந்த இடத்துக்கு அலங் என்று பெயர். அங்கே அந்தக் கப்பலைப் பிரித்தவர்களுக்கும் பெயர் உண்டு.

கப்பல் மேல் எனக்கும் கொள்ளை ஆசைதான். 1962-ல் முதல் பயணம். 316 மீட்டர் நீளம். நாற்பது வருஷம் அதைவிட நீளமான பயணிகள் கப்பல் கிடையாது. எண்ணெய் விலை ஏறியதும் 1974-ல் ஓரங்கட்டினார்கள். பிரான்ஸின் லே ஆவ்ர் துறைமுகத்தில் நாலு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்து, பிறகு கைமாறி ‘நார்வே’ என்று பெயர் மாறியது. 2003-ல் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்கள் செத்தார்கள். அந்த எட்டுப் பேரும்கூட உங்கள் பதிவில் இல்லை. 2006-ல் ‘ப்ளூ லேடி’ என்ற பெயரோடு அலங் வந்து சேர்ந்தது.

நான் கப்பல் இன்ஜினியராக இருந்தபோது ஒரு பழைய சரக்குக் கப்பலை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கடல் நன்றாக ஏறும் நேரம் பார்த்து, இன்ஜினை முழு வேகத்தில் வைத்து நேராகச் சேற்றில் ஏற்றுவார்கள். மறுநாள் ஒரிசாப் பையன் ஒருவன் ரப்பர் செருப்போடு இன்ஜின் அறைக்குள் வந்தான். முகத்தில் ஒரு துண்டு. நீராவிக் குழாயில் சூடு வெளியேறாமல் சுற்றியிருந்த உறையை, லாகிங்கை, வெறும் கையால் பிய்த்தான். அவன் கண் இமையெல்லாம் வெள்ளைத் தூசி. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அது மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்று எனக்குத் தெரியும். டிரெய்னியாக இருந்தபோது நானும் அதை இப்படித்தான் வெட்டினேன், எனக்கும் யாரும் சொல்லவில்லை. நானும் அவனிடம் சொல்லவில்லை. என் இந்தி போதாது என்று இத்தனை வருஷமாகச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

"அந்த வேலையும் இல்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அலங்கை மூடச் சொல்லவில்லை நான். அலங்கையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். "‘ப்ளூ லேடி’யைப் பிரிக்க உச்ச நீதிமன்றமே 2007-ல் அனுமதி கொடுத்ததே?" கொடுத்தது. அனுமதி இருந்தால் தூசி நுரையீரலுக்குள் போகாதா?

"பிரான்ஸ் அதை விற்று எத்தனையோ வருஷமாச்சு" என்பவர்களுக்கு ஒன்று. அதே 2006-ல் பிரான்ஸ் அரசின் க்ளெமான்சோ போர்க்கப்பல் அலங்குக்கு வந்துகொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் எதிர்ப்பு கிளம்பியதும் பிரான்ஸ் அதைப் பாதிவழியில் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. பிறகு இங்கிலாந்தில் பிரித்தார்கள். க்ளெமான்சோ அரசின் சொத்து, ‘ப்ளூ லேடி’ தனியார் சொத்து என்று சட்டம் பேசலாம். நம்ம ஆள் மூச்சுக்கு அந்தச் சட்டம் தெரியுமா? ஆயிரம் டன்னுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகக் கணக்குச் சொன்ன கப்பல் இந்த ‘ப்ளூ லேடி’.

நீங்கள் கொண்டாடும் கப்பலின் மூக்கு, அதன் முன்முனை இருக்கிறதே, 2009-ல் பாரிஸில் ஏலம் போய், 2018-லிருந்து லே ஆவ்ரில் நிற்கிறதே, அதை அறுத்துக் கொடுத்ததும் அலங்தான். அடுத்த தடவை அந்தப் படத்தைப் போடும்போது, வெட்டு விழுந்த பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.