ட்ரம்மில் பேட்ச் நம்பர் இருக்கு, உங்க இமேஜில் இருக்கா?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்குள் ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும். பெங்களூராவோ அல்போன்சாவோ, கூழாக்கிப் பையில் அடைத்து ட்ரம்மில் இறக்கியதும் மேலே ஒரு பேட்ச் நம்பர் விழும். நாளைக்கு ஏதோ ஒரு ட்ரம்மில் புளிப்பு வாடை என்று புகார் வந்தால், அந்த நம்பரை வைத்து எந்த நாள், எந்த லோடு என்று பிடித்துவிடலாம். மாங்காயை வாங்குகிறவர் வாசலில் கொட்டி, அங்கேயே கூழ் அடித்துக் கொடுக்கிற ஃபேக்டரி கிடையாது.

ஆனால் நம்ம மண்டிக்கும், ஓசூர் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும், தருமபுரி ஜவுளிக்கடைக்கும் வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுக்கிற பலர் அதைத்தான் செய்கிறார்கள். புரொடக்‌ஷன் சர்வரில் லாகின், கிட் புல் அடித்துக் கோடை இறக்குவது, அங்கேயே டாக்கர் பில்ட், அப் என்று ஓட்டிவிடுவது. "டாக்கர்ல போட்டாச்சு சார், இனி பிரச்சினையே வராது" என்று கடைக்காரரிடம் ஒரு உறுதிமொழி வேறு. அப்ளிகேஷனையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டுகிற கருவி டாக்கர். கட்டுவது பில்ட், கட்டிய பொட்டலம் இமேஜ், அதைத் திறந்து ஓட்டினால் கன்டெய்னர். கன்டெய்னர் என்பதே வேறிடத்தில் அடைத்து, சீல் வைத்து, இங்கே திறந்து ஓட்டத்தான். சர்வரிலேயே பில்ட் செய்தால் அதன் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது.

முதலில் மெமரி. சின்னக் கடைக்கு எடுப்பது 1 ஜிபி, மிஞ்சினால் 2 ஜிபி ராம் உள்ள சர்வர். அதில் அப்ளிகேஷனும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரன்ட்எண்ட் பில்டும் ஓடினால் மெமரி தீர்ந்துபோகும். அப்போது லினக்ஸ் கர்னல் யாரையாவது கொன்றுதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். சாவது பில்டாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, பில் போட்டுக்கொண்டிருக்கும் டேட்டாபேஸாகவும் இருக்கலாம். கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்: 128 கூட்டல் 9, அந்த 9 தான் கொலை சிக்னல். ராம் தீர்ந்தால் டிஸ்க்கில் கடன் வாங்க 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் போட்டால் மூச்சு வரும், நோய் போகாது.

இரண்டாவது, இன்று பில்ட் செய்ததும் போன வாரம் செய்ததும் ஒன்றாக இருக்காது. வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லாக் (lock) ஃபைல் இல்லாமல் இன்ஸ்டால் ஓடினால் ஏதோ ஒரு லைப்ரரியின் புது வெர்ஷன் நுழையும். அடித்தளமாக எடுத்த பேஸ் இமேஜும் அதற்குள் மாறியிருக்கலாம். கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் அப்ளிகேஷன் உடையும்.

அப்புறம் எங்கே பில்ட் செய்வது? தங்கள் கம்ப்யூட்டரிலேயே பில்ட் ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் செய்து, இமேஜ்களைச் சேமித்து வைக்கும் அவர்களுடைய ரெஜிஸ்ட்ரியிலேயே ஏற்றிவிடுவது சுலபம். அதெல்லாம் வேண்டாம் என்றால் லேப்டாப்பே போதும்: இமேஜை டாக்கர் சேவ் மூலம் ஃபைலாக்கி, ஜிஜிப் செய்து, எஸ்சிபி கட்டளையில் அனுப்பி, சர்வரில் டாக்கர் லோடு. ரெஜிஸ்ட்ரியே தேவையில்லை. ஆப்பிளின் எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் மட்டும் பில்டின்போது பிளாட்ஃபார்ம் லினக்ஸ், ஏஎம்டி64 என்று சொல்ல மறக்கக்கூடாது. மறந்தால் வழக்கமான இன்டெல் சர்வரில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வந்து நிற்கும். அது கோடின் கோளாறு இல்லை, பிராசஸர் மொழி வேறு.

ஊரில் நெட் ஆமை வேகம் என்றால் டாக்கர்ஃபைலில், அதாவது இமேஜ் கட்டும் செய்முறைக் குறிப்பில், வரிசையைப் பாருங்கள். அதன் வரிகள் அடுக்கடுக்காக இமேஜில் ஏறும். முதலில் பேக்கேஜ் பட்டியலை மட்டும் காப்பி செய்து இன்ஸ்டால் செய்யவேண்டும், உங்கள் கோடு அதற்குப் பிறகுதான் வரவேண்டும். அப்போதுதான் ஒரு வரி மாற்றியதற்கு மேல் அடுக்கு மட்டும் ரெஜிஸ்ட்ரிக்கு ஏறும். தலைகீழாக எழுதினால் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான எம்பி. இமேஜுக்குள் போகக்கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் ஃபைலில், பாஸ்வேர்ட் இருக்கும் என்வ் ஃபைலையும் கிட் ஃபோல்டரையும் சேருங்கள். பாஸ்வேர்ட் ஒருமுறை ஒரு அடுக்கில் விழுந்துவிட்டால், அடுத்த வரியில் அழித்தாலும் கீழ் அடுக்கில் அப்படியே இருக்கும்.

இப்போது பேட்ச் நம்பர். இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று டேக் போடுவது ட்ரம்மில் 'நல்ல கூழ்' என்று எழுதி ஒட்டுவது மாதிரி. எது நேற்றையது, எது இன்றையது? கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விழும் கமிட் எண்ணின் முதல் 7 எழுத்தை டேக் ஆகப் போடுங்கள். சர்வரில் என்வ் ஃபைலில் வெர்ஷன் என்று ஒரே ஒரு வரி, எந்தக் கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று எழுதிய கம்போஸ் ஃபைல் அந்த வரியைப் படிக்கும். புது வெர்ஷனை ஏற்றுவது, அதாவது டிப்ளாய் என்றால் அந்த வரியை மாற்றி, டாக்கர் கம்போஸ் புல், பிறகு அப் மைனஸ் டி. உடைந்தால் பழைய 7 எழுத்தைத் திரும்ப எழுதி மறுபடி அப். பழைய இமேஜ் சர்வரிலேயே இருப்பதால் அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி மூன்று இமேஜையாவது வைத்துக்கொள்ளுங்கள். இடம் வேண்டும் என்று ஓடாத இமேஜை எல்லாம் அழிக்கும் ப்ரூன் மைனஸ் ஏ அடிக்கிற கைப்பழக்கம் அவற்றைத்தான் முதலில் துடைக்கும்.

மற்றவர்கள் செய்த இமேஜுக்கும் இதே சட்டம்தான். போஸ்ட்கிரஸை லேட்டஸ்ட் என்று விட்டவர்களுக்கு, 2025 செப்டம்பரில் 18 வெளிவந்த பிறகு எந்த நாளில் புல் அடித்தார்களோ அந்த நாளில் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. 17-ன் டேட்டா ஃபைலை 18 திறக்காது. போதாததற்கு, 18-ன் இமேஜில் டேட்டா வைக்கும் ஃபோல்டர் அமைப்பும் மாறிவிட்டது. 17 என்று எழுதியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

ஒரு கொக்கி இருக்கிறது. இமேஜ் பின்னால் போகும், டேட்டாபேஸ் போகாது. புது வெர்ஷன் டேபிளில் ஒரு காலத்தை (column) அழித்துவிட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பி என்ன பயன்? அதனால் புதுக் காலத்தை முதல் ரிலீஸில் சேர்த்துவிடுங்கள், காலியாகவும் இருக்கலாம் என்ற அனுமதியோடு. பழையதை அழிப்பது ஒன்றிரண்டு வாரம் கழித்து, தனி ரிலீஸில்.

சரி, சர்வர் பக்கம் வருவோம். இந்த விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சர்வரில், ஓடும் கன்டெய்னர்களைக் காட்டும் டாக்கர் பிஎஸ் அடித்து போர்ட்ஸ் காலத்தைப் பாருங்கள். டேட்டாபேஸ் வரியில் 0.0.0.0:5432 (எல்லா முகவரியிலும் திறப்பு, போஸ்ட்கிரஸின் கதவு எண் 5432) என்று இருந்தால், உங்கள் கடை கல்லாப்பெட்டி நடுரோட்டில் இருக்கிறது. "யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கேனே, 22, 80, 443 தவிர எல்லாம் மூடியாச்சே" என்பீர்கள். யுஎஃப்டபிள்யூ விதிகள் காவல் நிற்பது சர்வருக்கு என்று வரும் பாக்கெட்டுகளுக்கு. டாக்கர் அதற்கு முன்பே லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தன் விதியை எழுதி, பாக்கெட்டை கன்டெய்னருக்குத் திருப்பிவிடும். காவலாளி முன்வாசலில் இருக்கிறார், ஆட்கள் பக்கவாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் மட்டும் எல்லாம் பத்திரம் என்றே காட்டும்.

மருந்து எளிது. டேட்டாபேஸுக்கு போர்ட்ஸ் என்ற பகுதியே வேண்டாம். ஒரே கம்போஸ் நெட்ஒர்க்கில் அப்ளிகேஷன் அதை சர்வீஸ் பெயராலேயே தொட்டுக்கொள்ளும். சர்வரிலிருந்து நேரடியாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் 127.0.0.1:5432:5432 என்று முன்னால் ஐபி சேர்த்து எழுதுங்கள், 127.0.0.1 என்றால் அந்த மெஷினுக்குள் மட்டும். கிளவுட் கம்பெனியின் சொந்த ஃபயர்வாலையும் போடுங்கள், அது சர்வருக்கு வெளியே நிற்பதால் டாக்கரால் அதைத் தாண்ட முடியாது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி (MongoDB) டேட்டாபேஸ்களைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்ட கூத்து உலகம் முழுக்க நடந்தது. யாரும் ஹேக் செய்து பூட்டை உடைக்கவில்லை, திறந்த கதவில் நுழைந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கன்டெய்னருக்குள் அப்ளிகேஷன் 127.0.0.1-ல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், வெளியே 502 எரர் வரும். உள்ளே 0.0.0.0, வெளியே 127.0.0.1. இடம் மாறினால் இரண்டும் கெடும்.

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கேடி (Caddy) என்ற வெப் சர்வர். பெயர்தான் ஒரு மாதிரி, வேலை நேர்மையாகப் பார்க்கும். சான்றிதழைத் தானே வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்ளும். அதன் டேட்டா ஃபோல்டரை மட்டும் வால்யூமில், அதாவது கன்டெய்னர் போனாலும் அழியாத இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கன்டெய்னரைப் புதிதாக்கும்போதெல்லாம் புதுச் சான்றிதழ் கேட்கும். சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரே பெயருக்கு 7 நாளில் 5 தான் தரும். ஆறாவது தடவை தளம் பூட்டிக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் (log, ஓடும்போது எழுதப்படும் குறிப்பு) விஷயம் ஒரு வரிதான்: டாக்கரின் இயல்பான லாக் முறைக்கு அளவுக் கட்டுப்பாடு கிடையாது, டிஸ்க் நிரம்பும்வரை எழுதும். ஃபைலுக்கு 10 எம்பி, மொத்தம் 3 ஃபைல் என்று டாக்கரின் டீமன் கான்ஃபிக் ஃபைலில் போட்டு டாக்கரை ரீஸ்டார்ட் செய்து, கன்டெய்னரைப் புதிதாக உருவாக்குங்கள். ஏற்கெனவே ஓடுவதற்கு அது ஒட்டாது.

நேரம். கன்டெய்னரின் கடிகாரம் வழக்கமாக யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். தக்காளி மண்டியில் விடியக்காலை 4 மணிக்கு இறங்கிய லோடுக்குப் போட்ட சீட்டு, சர்வருக்கு முந்தின நாள் இரவு பத்தரை. தினசரிக் கணக்கு எடுத்தால் அந்த லோடு நேற்றைய பட்டியலில் உட்கார்ந்திருக்கும். தரகுக் கணக்கு இடிக்கும், விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் வாய்த்தகராறு, கடைசியில் பழி கம்ப்யூட்டர் மேல். டேட்டாபேஸில் யுடிசியாகவே வையுங்கள், நாள்வாரியாகக் கூட்டும் இடத்தில் ஏசியா/கொல்கத்தாவுக்கு மாற்றிய பிறகு கூட்டுங்கள். நேர மண்டலம் சொல்லும் டிஇசட் என்ற வேரியபிளை மட்டும் நம்பி, ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸ் இமேஜில் விட்டால், டைம்ஸோன் பேக்கேஜ் அதில் இல்லாமல் அது சத்தமில்லாமல் யுடிசியிலேயே ஓடலாம்.

பேக்கப்புக்கு ஓடும் வால்யூமை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், பாதி எழுதிய பக்கம் வந்து சேரும். போஸ்ட்கிரஸின் பேக்கப் கட்டளையில் ராத்திரிக்கு ஒரு பிஜி டம்ப், அதை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் சரியா என்று பாருங்கள். கம்போஸ் டவுனோடு மைனஸ் வி சேர்த்தால் வால்யூமும் போய்விடும், கேள்வியே கேட்காது.

பல சர்வர்களில் கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டிஸ் வேண்டாமா என்று கமென்டில் ஒரு தம்பி கண்டிப்பாகக் கேட்பார். ஒரு சர்வர், மூன்று கன்டெய்னர், பத்துப் பேர் பில் போடுகிற இடத்துக்கு வேண்டாம் தம்பி. ஆட்டுக்குட்டியை ஏற்ற பதினாறு சக்கர லாரி எதற்கு?

அப் அடிக்கும்போது பழைய கன்டெய்னர் நின்று புதியது எழ சில நொடி ஆகும். நிறுத்தும்போது டாக்கர் முதலில் நிற்கச் சொல்லும், 10 நொடி பொறுக்கும், அப்புறம் கொன்றுவிடும். டாக்கர்ஃபைலில் அப்ளிகேஷனைத் தொடங்கும் கடைசி சிஎம்டி வரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதாமல் சும்மா எழுதினால், நிற்கச் சொன்ன சேதி நடுவில் இருக்கும் ஷெல்லோடு நின்றுபோகும். அப்ளிகேஷனுக்கு எட்டாது, பாதி பில்லில் சாகும். அதைத் திருத்திவிட்டால் அந்தச் சில நொடி பெரிய விஷயமில்லை. மாங்காய் சீசனில் மண்டிக்கு என்றால் மதியம் 3 மணி வாக்கில் போடுங்கள், காலை லோடும் முடிந்திருக்கும், சாயங்காலக் கணக்கும் தொடங்கியிருக்காது.