காசலின் 7000 மரங்களை நட்டது யார்?

ஜெர்மனியின் காசல் நகரில் உள்ள 7000 மரங்களையும் கலைஞர் யோசஃப் பாய்ஸ் ஒருவரே தன் கையால் நட்டார் என்று இந்த இழையில் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம். மரம் நடுவதையே ஒரு கலைப்படைப்பாக்கிய அந்தத் திட்டம் அவருடையதுதான், 1982 மார்ச்சில் முதல் மரத்தை நட்டதும் அவரே. ஆனால் மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நட்டவர்கள் ஊர்மக்களும் தன்னார்வலர்களும்தான்.

சரிபார்ப்பது எளிது. பாய்ஸ் இறந்தது 1986 ஜனவரியில். கடைசி மரம் நடப்பட்டது 1987இல், நட்டவர் அவருடைய மகன். எந்த நல்ல கலைக்களஞ்சியத்திலும் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கற்கள். அந்த ஊரின் ஓர் அருங்காட்சியகத்தின் முன்னால் 7000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் குவித்து வைத்தார்கள். ஒரு மரம் நட்டால் ஒரு கல் அங்கிருந்து போய் அதன் பக்கத்தில் நிற்கும். ஊர் எவ்வளவு கைகொடுத்தது என்பது குவியல் குறையக் குறையக் கண்ணுக்கே தெரிந்தது. அவரைத் தனி ஆளாகக் காட்டினால் அந்தப் படைப்பின் உயிரே போய்விடுகிறது, அதனால்தான் சொல்கிறேன். பகிர்ந்தவர்கள் ‘ஒருவரே’ என்ற சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.