கடற்கரைப் பெண்பிள்ளைகளுக்கு யார் போட்டி நடத்துவது?

ஹவாயின் ஓஆஹு தீவிலுள்ள மக்காஹா என்ற கடற்கரையூரில் 1950இல் பிறந்த அலைச்சறுக்கு வீராங்கனை ரெல் சன்னைப் பற்றி, முல்லைத்தீவுக் கரையில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன். நான்கு வயதில் பலகை ஏறியவர் அவர். பதின்ம வயதிலேயே உலகப் போட்டிக்குச் சென்றவர். ஆனாலும் அவர் வென்ற போட்டிகளைவிட, பிறர் போட்டியிட வேண்டும் என்பதற்காக அவர் உழைத்த உழைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் இளம்பெண்ணாக இருந்த நாட்களில் பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் மிகக் குறைவு. ஆண்களின் சுற்றுகளுக்கு நடுவே, பெரும்பாலும் அலை கெட்டுக் கிடக்கும் நேரம் பார்த்துப் பெண்களை இறக்கிவிடுவார்கள். பரிசுத் தொகையும் அந்த மதிப்பிலேயே இருக்கும். இந்த நிலையில்தான் 1975இல் ஜெரிக்கோ பொப்ளரும் மேரி செட்டர்ஹோமும் பெண்களுக்கான சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெண்களுக்கெனத் தொழில்முறைப் போட்டிச் சுற்று ஒன்று உருவாக அந்த ஆண்டுகளில் பாடுபட்டவர்களில் ரெல் சன்னும் ஒருவர். உலக அலைச்சறுக்கு லீக் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பரிசுத் தொகையை 2019ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்துதான் வழங்கத் தொடங்கியது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பெண்கள் எவ்வளவு முன்னதாகவே போராடத் தொடங்கியிருந்தார்கள் என்பது விளங்கும். அலைச்சறுக்கு முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது பெண்களுக்கான தங்கத்தை வென்ற கரிசா மூரும் ஹவாய்ப் பெண்தான்.

ரெல் சன் 1976இல் தன் ஊர்க் கரையில் சிறுவர் சிறுமியருக்கென ஓர் அலைச்சறுக்குப் போட்டியைத் தொடங்கி, ஆண்டுதோறும் நடத்தினார். ஹவாயில் கடற்கரை உயிர்காப்பாளராகப் பணியேற்ற முதல் பெண்ணும் அவரே. 1983இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகும் கடலை விடவில்லை. தன் பகுதிப் பெண்களுக்கு மார்பகத்தைத் தாமே சோதித்துக்கொள்ளும் முறையைக் கற்பித்தார். 1998 ஜனவரியில், 47ஆவது வயதில் காலமானார்.

இனி நம் கரைக்கு வருகிறேன். கரைவலை இழுக்கும் காலைகளில் வாடிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். வலையின் மடி கரையை நெருங்கும்போது எந்த அலைக்குக் கயிற்றை விட்டுக்கொடுப்பது, எந்த அலையோடு சேர்த்து இழுப்பது என்பது, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் பத்து வயதுச் சிறுமிக்கும் தெரியும். அதே பிள்ளை பெரியபிள்ளையானதும் "வெயிலுக்கை நிண்டு கறுத்துப் போகாதை, உள்ளுக்கு வா" என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறோம். கடலைப் பற்றி அவள் கற்றது அத்தோடு நின்றுவிடுகிறது.

அந்தக் குரலில் அச்சமும் கலந்திருக்கிறது, அதை நான் குறைத்து மதிக்கவில்லை. 2004 சுனாமி இந்தக் கரையில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதும், 2009இல் இதே மணலில் என்ன நடந்தது என்பதும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. நீச்சல் தெரிந்திருந்தால் அந்தப் பேரலையிலிருந்து எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்கு அஞ்சும் தாய், அந்த அச்சத்தாலேயே மகளுக்கு நீந்தக் கற்பிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் 2018இல் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. ஷமலி சஞ்சயா அதை முன்னின்று வளர்த்தார். வீட்டுக் கடமை, உடை, ஊர்ப்பேச்சு என்று அவர்கள் எதிர்கொண்ட தடைகள் நமக்கும் பழக்கமானவையே. அறுகம்பையின் அலை இங்கே இல்லையே என்று சிலர் கேட்கலாம். நான் கேட்பது பலகையை அல்ல. ஓர் ஊர்ப் பெண் முன்னின்று நடத்த, பெண்பிள்ளைகள் தைரியமாக வந்து கலந்துகொள்ளும் கடல் விளையாட்டுப் போட்டி ஒன்றையே கேட்கிறேன். நம் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஓட்டமும் பாய்ச்சலும் அஞ்சலும் உண்டு. கடலோரப் பாடசாலைகளில்கூட நீச்சலைக் காண்பது அரிது.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், அப்போது யாரும் இறங்க வேண்டாம். சோழகக் காலத்தில் இந்தக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும் மாதங்களில், கடற்றொழிலாளர் சங்கம் ஒரு படகைக் காவலுக்கு விட்டு, நீந்தத் தெரிந்த நம் பெண்களில் இருவரோ மூவரோ உயிர்காப்புப் பயிற்சி பெற்று முன்னே நின்றால், சிறுமிகளுக்கான நீச்சல் வகுப்பை இந்த ஆண்டே தொடங்கலாம். முன்வர விரும்பும் பெண்கள் இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள், கூடிப் பேசுவோம்.